தேவாங்கு நடந்து பார்த்த சாலை

வேங்கைமலைக் காட்டில், பாறைக்குளத்தின் கரையில் சபை கூடியிருந்தது. சபை கூடினால் சத்தத்துக்கா பஞ்சம்? காட்டெருமைகள் செருமிக்கொண்டிருந்தன. காட்டுப்பன்றிகள் உட்கார்ந்த இடத்திலேயே மண்ணைக் கிளறின. குரங்குகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

நடுவில் முள்ளம்பன்றி சிலம்பாயி நின்றாள். அவள்தான் அந்தக் காட்டின் பாதை அமைச்சர். நல்ல மனசுக்காரி. ஆனால் கோபம் வந்துவிட்டால் முதுகு முள்ளெல்லாம் குத்திட்டு நிற்கும். அன்று காலையிலிருந்து அதில் ஒரு முள்கூடப் படியவில்லை.

எதிரே நரி சடையன் யானை ராணியைப் பார்த்து வாலை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"ராணியம்மா! மழை விட்டதும் அடுத்த காட்டுப் புலி ராஜா நம்மளைப் பார்க்க வர்றார். இந்தப் பாறையிலிருந்து ஏரி வரைக்கும் நேரா ஒரு ராஜபாட்டை போட்டா நமக்கு எவ்வளவு பெருமை! யானைங்க வரிசையா துதிக்கை கோத்துக்கிட்டு நடக்கலாம்!"

"ஆகா! ஆகா!" என்றன குரங்குகள்.

அந்த ராஜபாட்டை போய் முடிகிற இடம் தன்னுடைய குகைவாசல் என்பதை மட்டும் சடையன் சொல்லவில்லை. விருந்தாளி வந்தால் விருந்து நடக்கும். விருந்து நடந்தால் மிச்சம் விழும். இப்போதே அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

சிலம்பாயிக்குப் பொறுக்கவில்லை. "ராஜபாட்டையைப் பிறகு பார்த்துக்கலாம்! இந்தக் கோடைக்கு முதல் வேலையா தென்கரைக்குச் சாலை போடணும்!"

"தென்கரைக்கா?" சடையன் சிரித்தான். "அங்கேதான் சாலை இருக்கே, அமைச்சரம்மா! மான் ஓடித் தேறின சாலை!"

இந்த இடத்தில் அந்தக் காட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வந்து "என்னது, என்னது?" என்று கேட்பீர்கள்.

வேங்கைமலையில் எந்தச் சாலை போட்டாலும் புள்ளிமான் ஒன்று அதில் ஓடிப் பார்க்கும். மானுக்கு மேலே ஒரு மைனா பாடிக்கொண்டே பறக்கும். பாட்டு முடிவதற்குள் மான் சாலையின் மறுகோடியைத் தொட்டுவிட்டால், சாலை தேறிவிட்டது என்று அர்த்தம். தொடாவிட்டால் தேறவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் சாலையைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். போட்ட அமைச்சரும் பதவியை விட்டு இறங்கிவிட வேண்டும். எந்தக் காலத்திலோ யாரோ வைத்த சட்டம். அதை ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

தென்கரைச் சாலையும் அப்படித் தேறியதுதான். வழியில் மூன்று ஓடைகள் குறுக்கிட்டன. ஒன்று ஆழப் பள்ளம், அடுத்தது வழுக்குப் பாறை, கடைசி ஒன்று கோடையிலும் காயாத சதுப்பு. மான் மூன்றையும் ஒவ்வொரு தாவாகத் தாவிப் போய்விட்டது. ஓடைகளே அங்கே இல்லை என்பது போல எல்லாரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

"மானுக்குத் தேறிச்சு. மத்தவங்களுக்கு?" சிலம்பாயி ஓர் அடி முன்னால் வந்தாள். "போன மழைக்கு என் தங்கச்சி அழகாயியோட தலைப்பிள்ளைக்குக் காய்ச்சல். வைத்தியரைக் கூப்பிட ஆள் மேல ஆள் அனுப்பினாங்க. அவரும் கிளம்பினார். முதல் ஓடையைக்கூடத் தாண்ட முடியலை. பிள்ளை போயிடுச்சு."

மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த பன்றிகள்கூடத் தலையைத் தூக்கின.

வைத்தியர் என்றால் தேவாங்கு மருதாசலம். அந்தக் காட்டில் பச்சிலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கைராசிக்காரர். ஆனால் நடை இருக்கிறதே, அடேயப்பா! ஒரு காலைத் தூக்குவார். அதை எங்கே வைக்கலாம் என்று யோசிப்பார். வைத்து, அழுத்திப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த காலைத் தூக்குவார். போதாததற்குப் பகல் வெளிச்சத்தில் கண் கூசும். மரமிருந்தால் கிளைக்குக் கிளை பிடித்துக்கொண்டு போய்விடுவார். ஓடைக்கரைகளில் மரமே கிடையாது. ஒருமுறை மான் முதுகில் ஏற்றி அனுப்பிப் பார்த்தார்கள். மான் முதல் தாவு தாவியதும் வைத்தியர் சேற்றில் கிடந்தார். யானை தூக்கிப் போகலாமே என்பீர்கள். அந்தச் சதுப்பில் யானை கால் வைத்தால் வயிறு வரைக்கும் இறங்கிவிடும்.

"இப்ப அழகாயி மறுபடி பிள்ளைத்தாய்ச்சியா இருக்கா. மழையிலதான் அவளுக்குப் பேறு. இந்தத் தடவையும் வைத்தியர் வராமப் போனா..." சிலம்பாயி ராணியின் பக்கம் திரும்பினாள்.

சடையன் விடுவானா? "அய்யோ பாவம்! உங்க தங்கச்சிக்குச் சாலை போடறதுக்கா உங்களை அமைச்சராக்கினோம்? ஒரு குடும்பத்துக்காக ஊர் வேலை நிக்கணுமா?"

அந்தப் பேச்சு சிலம்பாயிக்குச் சுருக்கென்று தைத்தது. தங்கச்சிதான். பொய் என்று சொல்ல முடியுமா? முள்ளெல்லாம் அப்படியே தொய்ந்து போயின.

அதுவரை பேசாமல் இருந்த ராணி பெரியாண்டிச்சி காதை ஒருமுறை அசைத்தாள். அந்த யானை காதை அசைத்தால் காடே வாயை மூடிக்கொள்ளும்.

இந்த ராணியைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு போடுகிற ரகம் இல்லை அவள். அவள் ஆட்சிக்கு வந்த பிறகுதான் குளத்துக்கு நாலு பக்கமும் வழி பிறந்தது. முள்ளுக்காட்டுக்குள் பாதை விழுந்தது. வழிநெடுகக் குடிக்கத் தண்ணீர்க் குழிகள் வந்தன. கோடைக்கு ஒரு பெரிய வேலை, எல்லாரும் உடம்பால் உழைக்க வேண்டும், ராணியும் அதில் சேர்த்தி. ஒரு கோடைக்கு ஒன்றுதான் முடியும் என்பதால்தான் எதை முதலில் எடுப்பது என்று இவ்வளவு அடிதடி.

"போன மழைக்காலத்துல தென்கரையிலிருந்து யார் யார் சபைக்கு வந்தீங்க?" என்று கேட்டாள் ராணி.

மான்கள் குளம்பைத் தட்டின. முயல்கள் காதைத் தூக்கின. குரங்குகள் "நாங்க! நாங்க!" என்று குதித்தன.

"சரி. யார் யார் வரலை?"

பதில் இல்லை.

"எப்படிப் பதில் வரும்? அன்னைக்கு வர முடியாதவங்க இன்னைக்கும் வரலையே!"

எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆமை ஒன்றுகூட இல்லை. உடம்பெல்லாம் செதில் போர்த்த அழுங்கு இல்லை. கால் நொண்டும் கிழட்டுக் கடமான் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தியும் இல்லை. அவர்கள் இல்லை என்பதை இத்தனை நாளாக யாரும் கவனித்ததே இல்லை. உள்ளதைச் சொன்னால், தன் தங்கச்சியையே நினைத்துக்கொண்டிருந்த சிலம்பாயியும் கவனித்ததில்லை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இது ஒரு குடும்பம் இல்லை, சடையா. பாதிக் காடு!" என்றாள் ராணி. "இந்தக் கோடைக்குத் தென்கரைச் சாலை!"

"அப்போ புலி ராஜா?"

"புல்லுல நடந்து வரட்டும். புலிக்குக் கால் ஒண்ணும் நோகாது!"

மறுநாளே வேலை தொடங்கியது. காட்டுப்பன்றிகளின் தலைவன் வந்து நைசாகக் கேட்டான். "ராணியம்மா, பாறைக்குளத்துப் பக்கமிருந்து ஆரம்பிக்கலாமே? போறவங்க வர்றவங்க கண்ணுல படும். நாலு பேர் பாராட்டுவாங்க."

"அதுக்குத்தான் அங்கே வேண்டாம்னு சொல்றேன்! சுலபமான இடத்தை முடிச்சுப் பாராட்டு வாங்கிட்டோம்னா, சதுப்பு பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டீங்க. எங்கே ரொம்பக் கஷ்டமோ அங்கே முதல் மண் விழட்டும்!"

அப்படியே நடந்தது. சதுப்பை மண் போட்டு நிரப்ப முடியாது என்று சிலம்பாயிக்குத் தெரியும். போட்ட மண்ணையெல்லாம் அது விழுங்கிவிடும். அவள் வயிறு தரையில் உரச உரசச் சதுப்பைச் சுற்றி நடந்தாள். எங்கே கெட்டித் தரை இருக்கிறதோ அங்கெல்லாம் காலை ஊன்றிப் பார்த்தாள். சாலை அந்த வழியாக வளைந்து போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வழுக்குப் பாறையில் ஏற்றம் அதிகம். அங்கேயும் ஒரு வளைவு. பள்ளத்துக்குக் குறுக்கே காற்றில் விழுந்த வேங்கை மரங்களை யானைகள் உருட்டி வந்து பாலம் போட்டன. ராணியும் முட்டிக்கால் வரை சேற்றில் நின்று மரம் தள்ளினாள்.

பன்றிகள் முணுமுணுத்தன. "இந்த மேட்டுல நேரா ஏத்திட்டா வேலை எவ்வளவு மிச்சம்!"

"நேரா ஏத்தினா யார் ஏறுவா? உங்க மாமனாரா?" என்று சிலம்பாயி முள்ளைச் சிலிர்த்தாள். "குட்டைக் காலுக்கு ஏத்த மாதிரி சரிச்சு விடுங்க! நடுவுல இளைப்பாற ஒரு சமதளம் விடுங்க!"

திட்டிக்கொண்டே வேலை வாங்கினாள். திட்டு வாங்கிக்கொண்டே அவர்களும் செய்தார்கள். வானத்தில் முதல் கருமேகம் தலை காட்டியபோது சாலை முடிந்துவிட்டது. அழகான சாலை! ஓர் ஆமை தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகலாம்.

சடையன் இத்தனை நாளும் சும்மாவா இருந்தான்? சாலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். வளைவுகளைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மலர்ந்தது. நேரே புள்ளிமான் மின்னல்கொடியிடம் போனான். சாலைகளில் ஓடிப் பார்க்கிற உத்தியோகம் அவளுடையது.

"அம்மா மின்னல்கொடி! உன் ஓட்டம் பார்த்துக் கண்ணு குளிர்ந்து எத்தனை நாளாச்சு! புதுச் சாலையில எப்ப ஓடப் போறே?"

"என்னை யாரும் கூப்பிடலையே!" என்றாள் மான் முகவாட்டத்தோடு.

"அடடா! உன்னையே மறந்துட்டாங்களா? சட்டம்னு ஒண்ணு இருக்கே! நீ ஓடாம ஒரு சாலையா?"

அவ்வளவுதான். மான் ராணியிடம் வந்து நின்றாள். செய்தி கேட்டதும் சிலம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். வேலை மும்முரத்தில் அந்த ஓட்டத்தையும் பாட்டையும் அவள் அடியோடு மறந்தே போயிருந்தாள்! இத்தனை வளைவு சுற்றி ஓடினால் எந்த மானால் பாட்டுக்குள் போய்ச் சேர முடியும்?

மைனாவிடம் ஓடினாள். "பாட்டைக் கொஞ்சம் இழுத்துப் பாடக் கூடாதா, தாயி?"

"என்ன அமைச்சரம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! பரம்பரைப் பாட்டு. ராகத்தை மாத்தினா எங்க பாட்டன் பூட்டன் என்னைச் சும்மா விடுவாங்களா?"

ஓட்டம் நடந்தது. மின்னல்கொடி காற்றாகப் பறந்தாள். பாலத்தைக் கடந்தாள். பாறை வளைவைக் கடந்தாள். சதுப்பைச் சுற்றும் வளைவில் பாதி போயிருப்பாள். மேலே மைனா பாட்டை முடித்துவிட்டாள்.

"தேறலை! தேறலை!" சடையன் ஊளையிட்டான். "பொழுது சாயறதுக்குள்ளே மரத்தையெல்லாம் பிடுங்குங்க! அமைச்சரம்மா, கீழே இறங்குங்க!"

சபையில் அமைச்சருக்கென்று ஒரு கல் உண்டு. சிலம்பாயி அதிலிருந்து மெல்ல இறங்கினாள். பதவி போனது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அழகாயியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத் தென்கரையிலிருந்து ஒரு காக்கை இறக்கை கிழியப் பறந்து வந்தது.

"அழகாயிக்கு நோவு கண்டிருக்கு! பிள்ளை குறுக்கே நிக்குதாம்! வைத்தியர் வரணும், உடனே வரணும்!"

பட்டென்று ஒரு மழைத்துளி பாறையில் விழுந்தது. அடுத்து நூறு விழுந்தன.

சிலம்பாயி எழுந்து ராணியின் முன்னால் போய் நின்றாள். ராணி அவளைப் பார்த்தாள். மேகத்துக்குள் மங்கலாகத் தெரிந்த சூரியனையும் பார்த்தாள்.

"சட்டம் என்ன சொல்லுது? பொழுது சாயறதுக்குள்ளே பிரிக்கணும். பொழுது சாய இன்னும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் அது சாலைதான்! வைத்தியரே, நடங்க!"

மருதாசலம் தலைக்கு ஒரு தேக்கிலையைப் பிடித்துக்கொண்டு மரத்திலிருந்து இறங்கினார். பச்சிலை மூட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். யானை முதுகில் ஏறச் சொன்னதற்கு, "ஒரு தடவை சேத்துல விழுந்தது போதும், நான் நடந்தே வர்றேன்" என்றுவிட்டார். ஒரு காலைத் தூக்கினார். யோசித்தார். வைத்தார்.

பக்கத்தில் சிலம்பாயி. பின்னால் ராணி. அதற்கும் பின்னால் சபை முழுவதும். தேவாங்கு நடையில் ஒரு காடே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! காட்டெருமைகளுக்குக் கால் பரபரத்தது. முயல்கள் இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டன. ஆனால் ஒருவரும் முந்தவில்லை.

"கொஞ்சம் சீக்கிரம், வைத்தியரே!" சிலம்பாயி கெஞ்சினாள்.

"அவசரப்படுத்தாதம்மா. அவசரப்பட்டா எனக்குக் கால் பின்னும். நீ போட்ட சாலை நல்லாத்தான் இருக்கு. போயிடலாம்."

மழை கொட்டியது. பள்ளத்து ஓடை நுரைத்துக்கொண்டு ஓடியது. பாலத்தின் மேல் வைத்தியர் நடு மரத்தைப் பிடித்து நிதானமாகக் கடந்தார். தண்ணீர் கீழே உறுமியது, மரம் அசையவில்லை. சிலம்பாயி போன உயிர் திரும்பி வந்தவளாக மூச்சு விட்டாள்.

மேலே மைனா நனைந்துகொண்டே பறந்து வந்தாள். சும்மா வர அவளுக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, பாட ஆரம்பித்தாள். அதே பாட்டுதான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பாடினாள். வைத்தியர் அந்தத் தாளத்துக்குக் கால் வைத்தார். எத்தனை தடவை பாடினாள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

சடையனுக்குத்தான் மனசு ஆறவில்லை. எல்லாரும் அந்தச் சாலையை மெச்சிக்கொண்டு நடப்பதைப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சதுப்பு ஓரமாக வளைவு பிரிகிற இடத்தில் நின்று கத்தினான். "இப்படிச் சுத்திச் சுத்திப் போனா விடிஞ்சுடும்! இதோ பழைய சாலை நேரா போகுதே! வா மின்னல்கொடி, நாம முன்னால போய் அழகாயிக்குச் சேதி சொல்லுவோம்!"

சேதி சொல்ல என்றதும் மான் கூடவே ஓடினாள். சதுப்பின் கரையில் சட்டென்று நின்றாள். எப்போதும் ஒரே தாவில் தாண்டுகிற இடம். இப்போது எதிர்க்கரையே தெரியவில்லை, மழைநீர் அவ்வளவு அகலத்துக்கு விரிந்து கிடந்தது. "வேண்டாம் அண்ணே! என்னாலயே தாவ முடியாது!"

"உன்னால முடியாட்டி என்ன? நரி மூளைக்கு முடியாதது உண்டா!"

தாவினான். நடுச்சதுப்பில் தொப்பென்று விழுந்தான். ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் உள்ளே போனது. கழுத்து வரைக்கும் சேறு ஏறிவிட்டது. "ஐயோ! ராணியம்மா! செத்தேன்!"

ராணி வளைவுச் சாலையின் கெட்டித் தரையில் காலை ஊன்றி நின்றுகொண்டு துதிக்கையை நீட்டினாள். நரியைச் சுருட்டி இழுத்துச் சாலையில் போட்டாள். "இந்த வளைவு இல்லாட்டி நான் எங்கே நின்னு உன்னை இழுத்திருப்பேன், சடையா?" என்று மட்டும் கேட்டாள். நரி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான்.

வைத்தியர் நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கால், இன்னொரு கால். வளைவு முடிந்தது. தென்கரை வந்துவிட்டது.

அழகாயியின் வளைக்குள் அவர் நுழைந்தபோது அவள் கண் செருகிக் கிடந்தாள். சிலம்பாயி வாசலில் நின்றாள். உள்ளே போகவும் தைரியம் இல்லை, விலகிப் போகவும் மனசு இல்லை. காட்டு விலங்குகள் எல்லாம் மழையில் நனைந்தபடி சத்தமில்லாமல் நின்றன. குரங்குகள்கூட!

நேரம் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு குரல்.

மருதாசலம் வெளியே எட்டிப் பார்த்தார். "இரட்டைப் பிள்ளை. தாயும் சுகம். அமைச்சரம்மா, உள்ளே வந்து பாருங்க!"

சிலம்பாயி விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். அழகாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டாரே அக்கா! வைத்தியர் வந்துட்டாரே!" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். குட்டிகளின் முள் இன்னும் பஞ்சாக இருந்தது. சிலம்பாயி அதைத் தடவித் தடவி அழுதாள். இந்தத் தடவை அது வேறு அழுகை.

வெளியே மழை ஓய்ந்திருந்தது. மேற்கே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. ராணி எல்லாரையும் பார்த்தாள்.

"பொழுது சாயப் போகுது. நமக்குச் சௌகரியமா இல்லைன்னு சட்டத்தை மறந்துட்டு நான் வீட்டுக்குப் போயிட முடியாது. சொல்லு மின்னல்கொடி. சாலை தேறிச்சா, இல்லையா? நீதான் ஓடிப் பார்த்தவள்."

மான் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாட்டுக்குள்ளே நான் போய்ச் சேரலை, ராணியம்மா. அது நிஜம். ஆனா என்னை ஓடிப் பார்க்கச் சொன்னதே தப்பு. எனக்கு எதுக்குச் சாலை? சாதாரண நாள்ல சாலையே இல்லாட்டியும் துள்ளிப் போயிடுவேன். பழைய சாலையைத் தேறிச்சுன்னு சொன்னவளும் நான்தான். அதை எல்லாரும் நம்பினதாலதானே அந்தப் பிள்ளை செத்துச்சு?" அவளுக்குக் குரல் உடைந்தது. "இந்த வேலை எனக்கு வேண்டாம். சாலை யாருக்கு வேணுமோ அவங்க நடந்து பார்த்துச் சொல்லட்டும்!"

காட்டெருமை ஒன்று, "நியாயமான பேச்சு!" என்று செருமியது. "நியாயம்! நியாயம்!" என்று எல்லாரும் குரல் கொடுத்தார்கள்.

"சடையா, உனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று ராணி கேட்டாள்.

"இந்தச் சேத்தைக் கழுவற வரைக்கும் ஒண்ணும் இல்லைங்க, ராணியம்மா!"

எல்லாரும் சிரித்தார்கள். ராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்போ சபை சம்மதத்தோட சட்டத்தை மாத்தறேன். இனிமே நம்ம காட்டுல மருதாசலம் வைத்தியர் நடந்து பார்த்து, தேறிச்சுன்னு சொன்னாதான் சாலை. நேரம் எவ்வளவு ஆனாலும் சரி. இந்தச் சாலை நல்லாருக்குன்னு அவர் நடந்து பார்த்துச் சொல்லியாச்சு, இது தேறிச்சு. இதுவரைக்கும் தேறின சாலை அத்தனையிலும் அவர் மறுபடி நடக்கட்டும். எங்கே அவர் கால் நிக்குதோ, அடுத்த கோடைக்கு அங்கே நம்ம வேலை. ராஜபாட்டை அதுக்கப்புறம்!"

வளைக்குள்ளிருந்து சிலம்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ராணி அவளை அமைச்சரே என்று கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டதும் அவளுக்கு முள் சிலிர்த்தது. கோபத்தில் அல்ல.

"என்ன எல்லாரும் வேடிக்கை பார்த்துட்டு நிக்கறீங்க?" என்று பன்றிகளைப் பார்த்து அதட்டினாள். "வடக்கு மேட்டுச் சாலையில ஏற்றம் எவ்வளவுன்னு நாளைக்கே பார்த்தாகணும். கிளம்புங்க!"

எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறவரை நினைத்துச் சாலை போடுகிற அரசு பாராட்டைத்தான் வாங்கும், எல்லாருக்கும் பின்னால் நடக்கிறவரை நினைத்துச் சாலை போடுகிற அரசே நாட்டைக் காக்கும்.